பொலிபியோ மேஸ்திரி நட்ட தூண்கள்

இரும்புக் கதவு செய்யச் சொல்லி யார் வந்தாலும் எங்கள் அப்பா முதலில் கேட்பது, "தரை போட்டாச்சா?" என்பதுதான். மண் தரைக்கு அளவெடுத்துக் கதவை மாட்டிவிட்டுப் போனால், ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் சிமென்ட் போடுவார், கதவு அடியில் உரசும், பழி கதவு செய்தவன் மேல் விழும். அதனால் தரை போடாத வீடு என்றால், எவ்வளவு கனத்துக்குப் போடப் போகிறார்கள் என்று கேட்டு, அதைக் கழித்துக்கொண்டுதான் அளவெடுப்பார். எங்கள் ஊர் யாங்காபாம்பாவில் அவர் செய்த கதவுகள் இன்றும் ஒரு விரல் இடைவெளியோடு சத்தமில்லாமல் திறக்கின்றன. தெருவில் போகும்போது நான் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். பெருமைதான். மறைப்பானேன்.

ஊரில் அவரை மேஸ்திரி பொலிபியோ என்பார்கள். சந்தைத் தெருவில் வெல்டிங் பட்டறை. அதே கட்டடத்தின் அடுத்த அறையில் நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைப்பேன். நடுவில் பலகைத் தடுப்புதான். அவர் இரும்பு அறுத்தால் என் மெஷின் மேல் வைத்த கத்தரிக்கோல் நடுங்கும். மாலையில் வெயில் தேவாலயச் சுவரை விட்டு இறங்கியதும் சத்தம் நின்றுவிடும். கட்டில் பாதியில் இருந்தாலும், கேட்டு வாங்க ஆள் வந்து நின்றாலும், முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை பாதிரியாரே வந்து நின்றார். "சாமி, நீங்களும் வாங்க, ஆள் ஒண்ணு குறையுது" என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் வாலிபால் டிவியில் காட்டுகிற வாலிபால் இல்லை. பக்கத்துக்கு மூன்றே பேர். ஆடுவது கால்பந்தால். வலை குறுகலானது, நடுத்தர உயரமுள்ளவன் எம்பினாலும் விரல் எட்டாத உயரத்தில் கட்டுவார்கள். அதனால் ஓங்கி அடிப்பதற்கு வழியில்லை. எதிர்ப்பக்கம் ஆளில்லாத இடம் பார்த்துப் பந்தை வைக்க வேண்டும். வலையோரம் நின்று வைக்கிறவர் ஒருவர், அவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர் ஒருவர், பின்னால் நின்று எங்கே விழுந்தாலும் பாய்ந்து எடுக்கிறவர் ஒருவர். அந்தக் கடைசி ஆளைப் பறக்கிறவர் என்போம்.

அப்பா வைக்கிறவர். குள்ளம், அகலமான தோள். வலைக்கு முதுகைக் காட்டி நின்று, கடைசி நொடியில் திரும்பி, பந்தை வலையின் மேல் விளிம்பை உரசிப் போகிற மாதிரி விடுவார். அது அந்தப் பக்கம் போனதும் களைத்துப் போனது போல அப்படியே காலடியில் விழும். ஊர்க்காரர்கள் அதற்குப் பெருமூச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். "மேஸ்திரி, ஒரு பெருமூச்சு விடுங்க" என்று கரையிலிருந்து கத்துவார்கள்.

அந்த மைதானத்துத் தூண்களை நட்டவரும் அவரே. அப்போது அது வெறும் மண். இரண்டு இரும்புக் குழாயை ஆழமாகப் புதைத்து, மண்ணிலிருந்து இரண்டு மீட்டர் எண்பது சென்டிமீட்டரில் வலைக்கான கொக்கிகளை வெல்டிங் வைத்தார். சரியான உயரம். மறு வருடம் நகராட்சி சிமென்ட் கொடுத்தது. ஊர் முழுக்க ஒரு நாள் கூலியில்லாமல் சேர்ந்து வேலை செய்தது. ஆண்கள் கலவை கலந்தார்கள், பெண்கள் கல் சுமந்தோம், பெரிய அண்டாவில் சோளம் வெந்தது. அப்பா கரணையை எடுத்துத் தூணைச் சுற்றி வழித்து வழித்துப் பூசினார். தரை காய்ந்ததும் அதே கொக்கியில் வலையை மாட்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். தரை உயர்ந்தால் வலை தாழ்ந்து போகும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவாக இருந்திருந்தால் அப்பாவுக்குத் தோன்றியிருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரை எங்கள் மைதானத்தில் வெல்ல யாராலும் முடியவில்லை. வெளியூர்க்காரர்கள் வைத்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. நாங்கள் வெளியூர் போனால் அப்பாவின் பெருமூச்சு வலையில் முட்டிக்கொண்டது. எங்கள் ஊர்க் காற்று விசேஷம் என்று சிலர் சொன்னார்கள். வெளியூரில் சாப்பாடு சரியில்லை என்றார்கள். அப்பா மட்டும் வேறு காரணம் கண்டுபிடித்தார்.

ஆற்றோரமாக அரை மணி பஸ்ஸில் போனால் மொலினோஸ். அங்கே செர்வியோ என்றொருவர், கரும்பு ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். அப்பாவும் அவரும் கட்டாய ராணுவச் சேவையில் ஒரே அறையில் கிடந்தவர்கள். என் தம்பி வினிசியோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது செர்வியோதான் ஞானத்தகப்பன். பெற்றவரும் ஞானத்தகப்பனும் எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லக் கூடாது, கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவரை நீ, வா, போ என்று பேசியிருந்தாலும் அன்றிலிருந்து நீங்கள்தான். சண்டை வந்தாலும் மரியாதையோடுதான் போட வேண்டும்.

சண்டை வந்தது. மொலினோஸ் திருவிழாவில், செர்வியோ அந்தப் பக்கம் வைக்கிறவராக நின்ற ஆட்டத்தில், அப்பாவின் பெருமூச்சு அடுத்தடுத்து வலையில் முட்டி அவர் காலடியிலேயே விழுந்தது. மொலினோஸ் பெண்கள், மேஸ்திரிக்கு மூச்சு வாங்குது என்று சிரித்தார்கள். அப்பா பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தினார்.

"கொம்பாத்ரே, இந்த வலை உசரமா இருக்கு."

"நேத்தும் இதே உசரம்தான், கொம்பாத்ரே."

"அப்போ நேத்தும் கள்ளம்தான். வலையை ஏத்திக் கட்டி ஜெயிக்கிற கள்ளனோட நான் ஆட மாட்டேன்."

திருவிழாக் கூட்டம் மொத்தமும் கேட்டது. செர்வியோ வீட்டில் எங்களுக்காகப் பன்றி வறுத்து வைத்திருந்தார்கள். நாங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறினோம். அன்றிலிருந்து எட்டு வருடம் பேச்சில்லை. வினிசியோ பள்ளிப்படிப்பை முடித்தபோது ஞானத்தகப்பன் ஒரு கோழி கொடுத்தனுப்பினார். அப்பா அதை அதே பஸ்ஸில், அதே கூடையில் திருப்பி அனுப்பினார். அம்மா லுஸ்மிலா மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோழிக்காக இல்லை என்றாள்.

இரண்டு ஊர்களும் எதிரெதிராக ஆட வேண்டி வந்தால் அப்பாவும் செர்வியோவும் ஆடினார்கள். எப்போதும் எங்கள் ஊரிலோ மூன்றாவது ஊரிலோதான். மொலினோஸ் மைதானத்தில் அப்பா கால் வைக்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கைகொடுப்பார்கள், முகம் பார்க்க மாட்டார்கள்.

வினிசியோ வளர்ந்து அப்பாவின் அணியில் பறக்கிறவனாகச் சேர்ந்தான். தம்பி என்பதால் சொல்லவில்லை, அவனைப் போல இந்த வட்டாரத்தில் யாரும் சிமென்ட் தரையில் அப்படி விழுந்து எழுந்ததில்லை. அவன் பேன்ட் முழங்காலுக்கு நான் தைத்த ஒட்டு எல்லாம் இரட்டைத் துணி. தூக்கிக் கொடுக்கிறவர் ரொட்டிக்கடை எயுதோரோ. இந்த மூவரும் வட்டாரக் கோப்பையை இரண்டு வருடம் தொடர்ந்து வென்றார்கள். மூன்றாவது தடவையும் வென்றால் கோப்பை ஊருக்கே சொந்தம். அந்த வருடம் ஃபைனல் எங்கள் ஊர்ப் புனிதர் சான் இசித்ரோ திருவிழாவில், எங்கள் மைதானத்தில். எதிரில் மொலினோஸ்.

ஃபைனலுக்கு முந்தின வாரம் பாதிரியார் அப்பாவை மொலினோஸுக்கு அனுப்பினார். இரண்டு ஊருக்கும் பாதிரியார் அவர் ஒருவர்தான். அங்கே கோயில் மணியைத் தாங்கும் சட்டம் விரிசல் விட்டிருந்தது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். மதியம் ஊர் உறங்கும் நேரத்தில் வேலை முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மைதானம் காலியாக இருந்தது. எட்டு வருடமாகச் சொல்லி வந்ததை ஒரு தடவை அளந்து கையில் வைத்துக்கொண்டால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. டேப்பின் முனையை ஒரு கம்பில் கட்டி வலைக்கு நேராகத் தூக்கினார். நிழலில் உட்கார்ந்து, சோள மாவை இலையில் சுற்றி அவித்த தமால் விற்ற ஒரு பெண் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏணி வேணுமா, மேஸ்திரி?"

வேண்டாம் என்றார்.

"எங்க வலைக்குக் கதவு கிதவு போடப் போறீங்களோன்னு பார்த்தேன்."

இரண்டு தூணிலும் அளந்தார், நடுவிலும் அளந்தார். இரண்டு மீட்டர் எண்பது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பஸ்ஸில் திரும்பியவர் பட்டறைக்கு வரவில்லை. என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். போனபோது எங்கள் மைதானத்தில் தூணில் ஏணி சாய்த்து, அதன் மேல் நின்றிருந்தார். "மெலானியா, கீழ் முனையைத் தரையில வச்சு அழுத்திப் பிடி" என்றார். பிடித்தேன். மேலே அவர் படித்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னை மேலே ஏறிப் படிக்கச் சொல்லித் தான் கீழே பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு அறுபத்தெட்டு" என்றேன்.

மைதானத்து ஓரத்தில், மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய்ப் பக்கம், சிமென்ட் தரையின் கனம் வெளியே தெரியும். அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து, அந்த விளிம்பில் கையைப் பரத்தி வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. தரையின் கனம் அவர் கை அகலத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. எனக்கும் புரிந்துவிட்டது.

வீட்டில் பச்சை வாழைக்காய் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டு, கொக்கிகளை அறுத்து மேலே ஏற்றப் போவதாகச் சொன்னார். வினிசியோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை ஃபைனல், அப்பா. திங்கக்கிழமை ஏத்துங்க. இத்தனை வருஷம் இருந்த வலைக்கு இன்னும் ஒரு வாரம் தாங்காதா?"

"திங்கக்கிழமை ஏத்தினா, ஜெயிச்சுட்டு ஏத்தினான்னு சொல்லுவாங்க. தோத்துப்போனா, தோத்த வயித்தெரிச்சல்ல ஏத்தினான்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லப் போறாங்க? நாம நாலு பேருதானே இருக்கோம்."

"நாலு பேரு போதும்."

வினிசியோவின் கோபம் எனக்குப் புரிந்தது. புதிய உயரத்தில் பழக ஒரு வாரம் போதாது. ஊர்க் கோப்பை போய்விடும். அம்மா மட்டும் கோப்பையைப் பற்றிப் பேசவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டே, "கொம்பாத்ரே முகத்துல எப்படி முழிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க அப்பா யோசித்தது அது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். கொக்கியை அறுத்து மேலே ஒட்டிவிடலாம். திருவிழாக் கூட்டத்தில் சொன்ன வார்த்தையை எங்கே போய் ஒட்டுவது?

மறுநாள் சந்தை நாள். ஊரெல்லாம் தெருவில் இருக்கும் நாளைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். கோயில் பின்னறையிலிருந்து மின்கம்பியை இழுத்து, வெல்டிங் மெஷினை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். தீப்பொறி பறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. எயுதோரோ முழங்கை வரை மாவோடு ஓடி வந்தார்.

"மேஸ்திரி, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? ஃபைனலுக்கு முன்னாடி வலையைத் தொடுறீங்க."

அப்பா முகமூடியைத் தூக்கி, வலை தாழ்ந்து போனது எப்படி என்று சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்கள் காலுக்குக் கீழே தரையைப் பார்த்தார்கள். எயுதோரோதான் முதலில் தேறினார்.

"சரி, தரையைப் போட்டது ஊரே சேர்ந்துதானே? தப்புன்னா ஊர்த் தப்பு. பங்கு போட்டா ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. நீங்க ஏன் மொத்தத்தையும் தூக்கிச் சுமக்குறீங்க?"

"ஊரையா மேஸ்திரின்னு கூப்பிடுறாங்க? என்னைத்தானே கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா முகமூடியை இறக்கிக்கொண்டார்.

அன்று மாலை பயிற்சிக்கு வந்த வினிசியோ அவரோடு பேசவில்லை. ஆனால் வந்தான். அப்பாவின் பெருமூச்சு பத்தில் எட்டு வலையில் முட்டியது. கரையிலிருந்து ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஊர்வலம் முடிந்து, மொலினோஸ்காரர்கள் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். செர்வியோ வைக்கோல் தொப்பியோடு, நெட்டையாக, கொஞ்சம் கூன் விழுந்து நடந்து வந்தார். வழக்கம் போல எங்கள் பக்கம் பார்க்கவில்லை. வலையைப் பார்த்தார். நின்றார். தூணருகே போய், பெயின்ட் அடிக்காத புது வெல்டிங்கைக் கட்டை விரலால் தடவினார்.

அப்பா திருவிழா அறிவிப்பாளரிடம் போய் மைக்கை வாங்கினார். அவர் மைக்கில் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மணிக்கூண்டு ஒலிபெருக்கியில் அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"மொலினோஸ் வலை சரியான உசரம். நான் போய் அளந்தேன். தாழ்ந்து கிடந்தது எங்க வலை. தூண் நட்டது நான், தரை போட்டப்போ கொக்கியை ஏத்த மறந்தது நான். எட்டு வருஷம் முன்னாடி எங்க கொம்பாத்ரே செர்வியோவைக் கள்ளன்னு சொன்னேன். அது தப்பு. இப்போ வலை சரியா இருக்கு. ஆடலாம்."

யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைதட்ட மனமில்லை, மொலினோஸ்காரர்களுக்குத் தட்டலாமா என்று தெரியவில்லை. செர்வியோ தூணிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"எவ்வளவு ஏத்தினீங்க?"

"பன்னெண்டு சென்டி."

"பன்னெண்டா? நான் பதினொண்ணுன்னு நினைச்சேன்."

அப்பாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு முகம் மாறியது. மைக் கையிலேயே இருந்தது, அதை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் இருவர் பேசியதும் மணிக்கூண்டு வழியாக ஊருக்கே கேட்டது.

"நினைச்சீங்களா? எப்போ நினைச்சீங்க?"

"சண்டை நடந்த அடுத்த வருஷமே. இங்க வெல்லம் இறக்க வந்தப்போ, காலையில ஆளில்லாத நேரம் பார்த்துக் கயிறு வச்சு அளந்தேன். கயிறு கொஞ்சம் நீண்டுக்கிச்சு போல."

"ஏழு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஏழு வருஷம் என்னை முட்டாளா ஆடவிட்டு வேடிக்கை பார்த்தீங்களா, கொம்பாத்ரே?"

"சொல்லியிருந்தா? மேஸ்திரி பொலிபியோ நட்ட தூணே அளவு தப்புன்னு தெரிஞ்சா, இந்த ஊர்ல எவன் உங்ககிட்ட கதவு செய்யச் சொல்லுவான்? என் ஞானப்பிள்ளை அப்போ படிச்சிட்டிருந்தான்."

கோபப்படுவதா வேண்டாமா என்று அப்பாவுக்கே தெரியவில்லை. கடைசியில் கோபப்பட்டார்.

"என் கதவைப் பத்திக் கவலைப்பட உங்களை யாரு கேட்டது? அதுக்காகக் கள்ளன்ங்கிற பேரைச் சுமந்துட்டு இருந்தீங்களா?"

"சுமந்தேன். இப்போ நீங்க பண்ணின காரியத்துக்குத்தான் எனக்கு ஆத்திரமா வருது. ரெண்டு மாசமா எங்க ஊர் வலையைப் பதினொண்ணு இறக்கிக் கட்டிப் பழகிட்டு வந்திருக்கோம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? கோழியைத் திருப்பி அனுப்பத் தெரிஞ்சதே!"

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. மொலினோஸில் சாயங்காலப் பயிற்சிக்கு மட்டும் வலையை இறக்கிக் கட்டிவிட்டு, முடிந்ததும் பழையபடி ஏற்றிவிடுவார்களாம்; அப்பா அளந்தது மதியம். தமால்காரி போய், மேஸ்திரி வந்து கம்பு பிடித்த கதையைச் சொல்லியும், அவர் எதற்கு அளந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லையாம்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அவ்வளவு மோசமான ஃபைனலை அந்த வட்டாரம் பார்த்ததில்லை. பெருமூச்சு வலையில் முட்டியது. செர்வியோ வைத்ததும் வலையில் முட்டியது. இருவரும் ஒவ்வொரு புள்ளிக்கும் வலை வழியாக மரியாதையாகத் திட்டிக்கொண்டார்கள். வினிசியோ ஒருவன்தான் உண்மையில் ஆடினான். கோட்டுக்கு வெளியே பெஞ்சு மேல் விழுந்து ஒரு பந்தை எடுத்தபோது செர்வியோவே கைதட்டி, "என் ஞானப்பிள்ளை" என்றார். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து மூன்றாவது ஆட்டத்தில், கடைசிப் பந்தை அப்பா பாதுகாப்பாகப் பின்னால் வைத்திருக்கலாம். பெருமூச்சுதான் விட்டார். அது வலையின் மேல் விளிம்பில் ஏறி, நின்று, எங்கள் பக்கமே விழுந்தது.

கோப்பை லாரியில் ஏறி மொலினோஸ் போனது. எங்கள் ஊர் அதை லேசில் மறக்கவில்லை. எயுதோரோ ஒரு மாதம் எங்களுக்கு முந்தின நாள் ரொட்டியைத்தான் கொடுத்தார். பேசி வைத்திருந்த இரண்டு கதவு வேலைகள் பட்டணத்து வெல்டருக்குப் போயின. செர்வியோ பயந்தது ஓரளவு சரிதான். அப்பா மற்ற வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். வினிசியோ அடுத்த வாரமே பழைய கோபத்தை மறந்து, சாயங்காலங்களில் அவருக்குப் பந்து தூக்கிக் கொடுத்தான். புதிய உயரத்தில் பெருமூச்சு திரும்பி வர மழைக்காலம் ஆயிற்று.

ஃபைனல் அன்று இருட்டும் நேரம், அப்பா சந்தைத் தெருவில் வீட்டை நோக்கி நடந்தார். பின்னால் செர்வியோவும் நடந்தார். லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். யாரும் அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பேச்சு முடியவில்லை, அதனால் வந்தார். அப்பா வாசலைத் தாண்டினார், அவரும் தாண்டினார். அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்தார், அவர் எதிரில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏழு வருஷம்" என்றார் அப்பா.

"நீங்க எட்டு வருஷம்" என்றார் செர்வியோ.

அம்மா இரண்டு தட்டு எடுத்து இருவர் முன்னாலும் வைத்தாள்.